பாதி திறந்த கூட்ஸ் கதவு

எழுபதுகளில் திருவண்ணாமலை ஸ்டேஷன் அருகே, ஒரு வாட்ச் கடை மாடியில் ஞாயிறுதோறும் சிலர் கூடுவோம். வீட்டில் அட்டையால் செய்த சின்னச் சின்ன கூட்ஸ் பெட்டிகளைக் கோத்து ரயிலாக்குவோம். அங்கு வந்த நெட்டை மனிதர் ஒருவர் தன் பெட்டியின் கதவைப் பாதி திறந்தே வைப்பார். "மூட்டை வுழுந்துடப் போவுது சார்" என்று கேலி செய்தால் சிரிப்பார்.

ஒருநாள் கடைக்காரர், உதவி என்று நினைத்து, அந்தக் கதவைக் கோந்து வைத்து ஒட்டிவிட்டார். நெட்டை மனிதர் நகத்தால் சுரண்டினார், அட்டை கிழிந்தது.

"எம் பையன் என்கிட்ட கோச்சிக்கினு கூட்ஸ்ல ஏறிட்டான். கதவு வெளிப்பக்கம் தாப்பா மாட்டிக்கிச்சி. தொறந்து பாத்தப்ப உசுரு இல்லீங்க."

கடைக்காரர் அழுதுவிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும், வுடுங்க" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போன நெட்டை மனிதர், பிறகு வரவேயில்லை. அவரை யார் தேற்றினார்களோ, எனக்குத் தெரியாது.