பூஜை போட்ட தறி

நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்குக் கிதார் எதற்கு என்று ஊரே கேட்டது. தணிகைவேல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தறிக்கூடத்துக்குப் பின்னால், நூல் மூட்டை அடுக்கிய அறையில் தங்கை பிரமிளாவைப் பாடவிட்டு, இரண்டு கூட்டாளிகளையும் சேர்த்து 'மூணாம் ஷிப்ட்' என்று பேண்ட் ஆரம்பித்தான். ஐந்து பாட்டு ஆல்பம். கடைசிப் பாட்டின் ஒரு சரணம்தான் பாக்கி. அப்போது பார்த்துத் தணிகைவேல் துரைக்கு ஞானம் பிறந்தது. பின்னால் தறிச் சத்தம் கேட்கிறதாம், மிச்சத்தைத் திருப்பதியில் நல்ல ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டுமாம்!

ஸ்டுடியோவுக்குப் போவதற்குள் கொரோனா வந்தது. கூட்டாளிகள் வேலை தேடிப் போனார்கள். பிரமிளாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. இவன் திருப்பதியில் அலிபிரிப் பக்கம் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற ஆளானான். கிதார் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

இப்போது பிரமிளாவின் கழுத்தில் கட்டி. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். குரல் நரம்போடு ஒட்டியிருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரல் வருமென்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் ஆயுத பூஜையும் அதுவுமாக, திருச்சானூர் போகிற சாலையில் யஸ்வந்தின் ஸ்டுடியோவில் அண்ணனும் தங்கையும் வந்து நின்றார்கள்.

சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. ஈ பறந்தால்கூடக் கேட்கும். பிரமிளா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். தாளம் நழுவியது. மறுபடி பாடினாள், சுருதி இறங்கியது. அதற்கப்புறம் எத்தனை தடவை எடுத்தார்களோ, ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்ததுதான் மிச்சம்.

"முடியலண்ணா," என்றாள். "கெணத்துக்குள்ள நிக்கிற மாரி கீது. தறி ஓடாம நான் எப்ப பாடிகிறேன்?"

தணிகைவேல் தன்னையே திட்டிக்கொண்டான். அட மடையா, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதானே இவள் பாடினாள்! "யஸ்வந்த், பழைய ரெக்கார்டிங்ல தறிச் சத்தம் கீதே, அத்த இவ காதுல போடு."

"அண்ணா, ஆ சவுண்டு அப்புடே தீசேசானு, எடுத்துட்டேன். ஒரிஜினலும் இல்ல. நீங்கதான கிளீன் பண்ணி எடுத்துடச் சொன்னீங்க?"

நகரியில் இருந்த நைனாவுக்குப் போன் போட்டான். "நைனா, ஒரே ஒரு தறி. ஒரு பாட்டு நேரம். போன அதுங்கிட்ட வெச்சா போதும்."

"இன்னாடா பேசற?" அப்பா வேதாச்சலத்தின் குரல் வெடித்தது. "பொட்டு வெச்சி, பூஜ போட்டு, கற்பூரம் காட்டிகிறேன். நாளிக்குக் காலீல வரிக்கும் தொடக்கூடாது. பொண்ணு கழுத்துல கத்தி வெக்கப்போற நேரத்துல அம்மனுக்கு ஆவாதத செய்யச் சொல்றியே, உனுக்கு அறிவு கீதா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தணிகைவேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு நகரி முழுக்கத் தறி ஓடும். நாளைக்கு இவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள், தறி ஓடி என்ன, ஓடாமல் என்ன?

பிரமிளா போனைப் பிடுங்கினாள். "நைனா," என்றாள். கம்மிப்போன குரல். "அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எனுக்கு நம்ம தறி வோணும் நைனா."

அந்தப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. "தாயே, தப்புன்னா என் தலைல போடு." சுவிட்ச் தட்டும் ஓசை கேட்டது. தடக், தடக் என்று தறி கிளம்பியது.

யஸ்வந்த் போனை மிக்ஸரில் இணைத்தான். பிரமிளா கண்ணை மூடினாள். பாடினாள். ஐயோ, என்னமாய்ப் பாடினாள்! பழைய பிரமிளாவேதான். கடைசி வரிக்கு வந்தபோது மட்டும் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்த வரி முழுக்கத் தறி மட்டும் ஓடியது.

"இன்னொண்ணு எடுக்கலாமா?" என்று யஸ்வந்த் கேட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றாய் வந்த குரலில் சொன்னாள்: "இந்தத் தடவ தறிய எடுத்துடாத."

போனிலிருந்து, தறி இரைச்சலுக்கு நடுவே நைனா கத்தினார்: "ஆச்சாம்மா? நிறுத்தட்டுமா?"

பிரமிளா பதில் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவனாலும் நிறுத்து என்று சொல்ல முடியவில்லை. நகரியில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.