ஹம்சா குடித்த மூன்று கோப்பை கூழ்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மெற்றில்டா போகும் பங்குக் கோயிலில், வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவார்கள். அன்றைக்கு மெற்றில்டா எல்லோருக்கும் முன்னே போய் நிற்பாள். நண்டு உடைப்பாள், இறால் உரிப்பாள், பயத்தங்காய் முறிப்பாள், கடைசியில் மண்டபத்தைக் கூட்டிக் கழுவியும் விடுவாள். ஆனால் கூழ்ப்பானையின் அகப்பையை மட்டும் தொடமாட்டாள். கேட்டால், "எனக்குக் கை உளையுது" என்பாள். அதே கை மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குப் பாஸ்தா கிண்டும். அப்போது உளைவு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்தப் பானை அவளுடையது. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில், கடற்கரையில் பிறந்தவள், கூழ் காய்ச்சத் தெரியாமல் இருக்குமா? அவள் அகப்பையைப் பிடித்தால் லண்டனின் மறுகோடி டூட்டிங்கிலிருந்தும் ஆட்கள் ரெயிலேறி வருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ்கிரீம் டப்பாவோடு வருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவள் பதின்மூன்று வருடமாக ஒரு கோப்பை கூழ்கூடக் காய்ச்சவில்லை. காரணம், புர்கினா பாசோ நாட்டு ஒலிம்பிக் அணி.

சிரிக்க வேண்டாம். உண்மையிலேயே அதுதான் காரணம்.

மெற்றில்டா லண்டனுக்கு நேரே வந்தவள் அல்ல. எட்டு வருடம் பாரிஸில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தவள். அவளோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் மேற்கு ஆபிரிக்கப் பெண்கள். பிரெஞ்சைப் பள்ளியில் படிக்காமல், படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க மறு முனையை அவர்கள் பிடிக்க, அப்படியே பிடித்துக்கொண்டாள். பிறகு கிறிஸ்துராஜாவைக் கல்யாணம் முடித்து லண்டன் வந்ததும் அந்தப் பிரெஞ்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கிறிஸ்துராஜா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'மெர்சி' ஒன்றுதான், அதையும் தமிழ் மாதிரித்தான் சொல்லுவார்.

2012இல் லண்டனில் ஒலிம்பிக் வந்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளிச் சமையலறை பூட்டியிருந்ததால், தொண்டராகப் போகலாம் என்று மெற்றில்டா விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்தில் பிரெஞ்சு பேசச் சொன்னார்கள். பேசினாள். அவ்வளவுதான், வீரர் கிராமத்தில் புர்கினா பாசோ அணிக்கு உதவி ஆளாகப் போட்டுவிட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அணி. முதல்நாள் அவள் வாய் திறந்ததும் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தியப் பெண் போல இருக்கிறாள், பேச்சோ தங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி விற்கிற பெண்ணின் பேச்சு!

அதிகம் சிரித்தவன் ஹம்சா. எண்ணூறு மீற்றர் ஓட வந்தவன், இருபத்துமூன்று வயது, முழங்காலுக்குக் கீழே வெறும் எலும்பும் நரம்பும். அவன்தான் அவளை முதலில் 'தாந்தி' என்று கூப்பிட்டான். அவர்கள் பக்கத்தில் வயதில் மூத்த பெண்ணைக் கூப்பிடும் முறை அது. நாங்கள் அன்ரி என்கிற மாதிரி. மெற்றில்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஏதோ இளகியது. பத்து நாள் அவனுக்குப் பின்னாலும் முன்னாலும் திரிந்தாள். பஸ் எத்தனை மணிக்கு, வைத்தியர் எங்கே, தொலைபேசி அட்டை எந்தக் கடையில் என்று எல்லாம் அவள்தான். அந்தக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகம் வேறாகிவிடும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவர்மேல் அன்பு வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு போடாமல் இருக்க ஏலாது. வீரர் கிராமத்துக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை அணித் தலைவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஹம்சாவையும் இன்னும் இருவரையும் ஸ்ட்ராட்போர்டிலிருந்து ரெயிலேற்றி, வெம்பிளி பார்க்கில் மாற்றி, ரெய்னர்ஸ் லேனுக்குக் கூட்டிவந்தாள். நோன்பு மாதம். ஆனால் பிரயாணி என்பதால் ஓட்டம் முடியும்வரை நோன்பைத் தள்ளிவைத்திருப்பதாக ஹம்சா சொன்னான். இறைச்சி வைத்தால் ஹலாலா என்ற கேள்வி வரும், கடலில் பிடித்ததற்கு அந்தக் கேள்வி இல்லை என்று யோசித்து, மெற்றில்டா கூழ் காய்ச்சினாள்.

மற்ற இருவரும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். ஹம்சா குடித்தான். கண்ணால் நீர் வடிய வடியக் குடித்தான். தன் தாயின் வெண்டைக்காய்ச் சாறு போல இருக்கிறதென்று சொல்லி, "தாந்தி, இன்னும்" என்று கோப்பையை நீட்டினான். ஊற்றினாள். மறுபடியும் நீட்டினான். மறுபடியும் ஊற்றினாள். அன்றைக்கு உதவிக்கு வந்திருந்த அவள் சிநேகிதி பிறின்சிதான், "போதுமடி, திங்கட்கிழமை ஓடப்போற பெடியன்" என்று கையைப் பிடித்தவள். மெற்றில்டா கேட்கவில்லை.

திங்கள் காலை. அணியின் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹம்சா மைதானத்தில் வயிற்றிலிருந்ததையெல்லாம் சத்தி எடுத்தான் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஓட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் நடுவில் போனான். கடைசி வளைவில் ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

இதற்குமேல் அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒரு நாட்டின் பிள்ளை, வாழ்நாளில் ஒரு தரம் ஓட வந்த ஓட்டம், தன் கூழால் போயிற்று.

பின்னேரம் அவன் சிரித்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தான். முடிவு அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்தான். என் மனம் நோகக்கூடாது என்று சிரிக்கிறான், எவ்வளவு பெரிய மனம் என்று அவள் நினைத்தாள். வாயைத் திறந்து கேட்கத் துணிவு வரவில்லை. அவர்கள் விமானமேறினார்கள். அந்தத் தாளை வீட்டு உறுதிப்பத்திரங்களும் கடவுச்சீட்டுகளும் இருக்கும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள்.

பங்கில் கூழ் என்றாலே கை உளையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு தரம் அந்த உளைவு அவளைச் சோதித்தது. ஐந்து வருடத்துக்கு முன்னர் பிறின்சி புற்றுநோயில் கிடந்தாள். சாப்பாடு ஒன்றும் இறங்காத நாட்கள். ஒருநாள் மெற்றில்டாவின் கையைப் பிடித்து, "உன்ரை கூழ் ஒரு வாய் குடிச்சால் போதும் எனக்கு" என்றாள். மெற்றில்டா இரவெல்லாம் யோசித்தாள். கல்லுப்போல இருந்த ஓட்டக்காரனையே விழுத்திய கூழ், சாகக் கிடப்பவளுக்கா? மறுநாள் கோழிச் சூப் வைத்துக் கொண்டுபோனாள். பிறின்சி இரண்டு கரண்டி குடித்து, "இதுவும் நல்லாத்தானடி இருக்கு" என்றாள். அடுத்த கிழமை போய்விட்டாள்.

போன மாதம் ஒருநாள் கிறிஸ்துராஜா தொலைபேசியை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். மனிதர் தினமும் விடிந்தால் பேஸ்புக்கில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லுகிறவர். அந்தப் பூக்களுக்கு நடுவே மெற்றில்டாவின் படத்தைக் கண்டுபிடித்து ஒருவன் பிரெஞ்சில் எழுதியிருந்தான்.

"இஞ்சரும், ஆரெண்டு பாரும்."

பார்த்தாள். ஹம்சா. இப்போது பயிற்சியாளனாம். பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு நாலு நாள் லண்டன் வருகிறானாம். 'தாந்தி, சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வரலாமா? அந்தச் சாறு காய்ச்சித் தருவீர்களா?'

மெற்றில்டா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடமாகச் சொல்லாததைப் புருஷனிடம் சொன்னாள். கிறிஸ்துராஜா எதற்கும் பகிடி விடுகிற ஆள். அன்றைக்கு விடவில்லை.

"பிறின்சிக்குக் காய்ச்சிக் குடுக்காததும் இதாலையோ?"

"ஓம்."

கிறிஸ்துராஜா தொலைபேசியை மேசையில் வைத்தார். "வாறவனிட்டை நேரை கேளுமன்."

"கேட்டு, ஓமெண்டு சொன்னால்?"

"சொன்னால் மன்னிப்புக் கேளும். கேளாமல் சோத்தைக் குடுத்து அனுப்பினால், செத்தாலும் உமக்கு இது தீராது."

சனிக்கிழமை காலை இரண்டும் சமைத்தாள். ஒரு சட்டியில் ஹலால் கடையில் வாங்கிய கோழியில் புரியாணி, தற்காப்புக்கு. மற்றப் பானையில் கூழ். ஒடியல் மாவை ஊறவைத்து வடித்தாள். செத்தல் மிளகாயை அரைத்தாள். நண்டு, இறால், கணவாய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் எந்த நேரத்தில் விழவேண்டும் என்று கை தானாகவே செய்தது. மனம்தான் பதறியது. மாவைக் கரைத்து விட்டதும் பானையை இறுக்கி மூடினாள். ருசி பார்க்கவில்லை.

கதவைத் திறந்தால் ஹம்சா. தலையில் பாதி மயிர் இல்லை, வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. வாசலிலேயே கூழ் வாசத்தை மோந்து, "இருக்கு!" என்று கத்தினான்.

மெற்றில்டா அவனைப் பானைப் பக்கம் விடவில்லை. மேசையில் இருத்தி, லாச்சியிலிருந்து அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தாள். அவர்கள் பேசியது பிரெஞ்சில்தான். ஆனால் மெற்றில்டா பிறகு ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கவேணும். நீ உண்மை சொல்லவேணும். அண்டைக்கு நான் தந்த கூழாலைதானே நீ தோத்தனீ?"

அவனுக்கு விளங்கவில்லை. அவள் திரும்பச் சொன்னாள். சத்தி எடுத்தது, வயிற்றைப் பிடித்து விழுந்தது, எட்டாவதாக வந்தது எல்லாம் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். ஹம்சா வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாந்தி, நான் பதினைஞ்சு வயசிலையிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னமும் சத்தி எடுக்கிறனான். பயம். எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தெரியும். எண்ணூறு மீற்றர் உயிரைக் குடுத்து ஓடினால் ஆரும் விழுவினம். நீங்கள் இந்தத் தாளிலை எதைப் பாத்தனீங்கள்?"

"எட்டாம் இடம்."

"அதுக்கு மற்றப் பக்கத்தைப் பாருங்கோ."

அவன் விரல் தாளின் வலது ஓரத்துக்குப் போயிற்று. அங்கே நேரம் அச்சடித்திருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்தொரு நொடி. பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ தரம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தவள், அந்த ஓரத்துக்கு ஒரு நாளும் கண்ணைக் கொண்டுபோகவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் பார்த்து வளர்ந்த கண், வேறு எங்கே போகும்?

"அதுக்கு முன்னம் நான் அம்பத்துமூண்டுக்குக் கீழை ஓடினதேயில்லை. அதுக்குப் பிறகும் ஓடேல்லை. என்ரை சீவியத்திலையே நான் கடுகதியா ஓடின நாள் அதுதான். அதுதானே சிரிச்சுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுத் தந்தனான்! இப்பவும் நான் பழக்கிற பெடியள் களைச்சால், லண்டனிலை ஒரு தாந்தி இருக்கிறா, அவவின்ரை சாறு குடிச்சால் ரெண்டு நொடி குறையும் எண்டு சொல்லுறனான். கருவாடும் கம்பு மாவும் போட்டு நானே காய்ச்சியும் பாத்தன். நாய்கூட முகரேல்லை."

கிறிஸ்துராஜாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பானையின் மூடியை அவரே திறந்தார்.

ஹம்சா முதல் கோப்பையை முடித்தான். இரண்டாவதையும் முடித்தான். மூக்கால் நீர் ஓடியது. கிறிஸ்துராஜா நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டு, "பங்கிலை காய்ச்சிறது வெறும் கஞ்சியப்பா" என்றார். மெற்றில்டா சிரித்தாள். பதின்மூன்று வருடப் பாரம் இறங்கிய சிரிப்பு. தனக்கும் ஒரு கோப்பை ஊற்றி ஒரு வாய் குடித்தாள். புளி சரி, உப்புச் சரி, உறைப்பும் அளவாகத்தான் இருந்தது. எந்த மனிதரின் வயிற்றுக்கும் தாங்கும்.

கோப்பையை மேசையில் வைத்தாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"பிறின்சிக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாம்" என்றாள், தமிழில்.

ஹம்சா கிறிஸ்துராஜாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யாரும் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை. மெதுவாகத் தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

"தாந்தி, இன்னும்."

மெற்றில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அகப்பையை எடுத்து, அடியிலிருந்து ஒரு கிண்டு கிண்டி, மூன்றாவது கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.