ஆறு வாய்க்கும் தீர்த்தம்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் என் கடையில் ஊற்ற விட்டதில்லை. மழைத்தண்ணீர் சுத்தம்தானே என்று கேட்டவர்களிடமும், கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதாதா என்று கேட்டவர்களிடமும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லாரிக்காரர்கள் என்னைக் கிறுக்கன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களில் யாரும் சாமியைக் குளத்தின் நடுவில் நிறுத்தியவர்கள் இல்லை.

எங்கள் ஊர் திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவில், சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. ஐம்பதுகளின் பின்பாதி. அப்போது திருத்தணிப் பக்கம் ஆந்திராவோடு சேர்ந்திருந்தது. தாலுகா ஆபீஸ் காகிதம் தெலுங்கில் வரும், வீட்டுச் சண்டை தமிழில் நடக்கும். ஊர்க் குளத்தில் தை கிருத்திகையன்று பொழுது சாயும் நேரத்தில் தெப்பம் விடுவார்கள். பன்னிரண்டு தார் டிரம்களைக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, பலகை அடித்து, அதன்மேல் சாமி. கரையில் நின்று வடம் பிடித்து மூன்று சுற்று இழுக்க வேண்டும். முதல் சுற்றுக்கு வடம் பிடிப்பது மேலத்தெருவா கீழத்தெருவா என்பதில் வருஷம் தவறாமல் அடிதடி.

அந்த வருஷம் திருவிழாப் பொறுப்பு என் பாவாவிடம் வந்தது. பாவா என்றால் அக்காள் புருஷன். சண்டை என்றாலே நாலு தெரு தள்ளிப் போகிற மனிதர்.

"ஏம்பா, பட்டணத்துல மோட்டார் வேலையெல்லாம் பாத்துட்டு வந்துகீற. வடமே இல்லாம தெப்பத்தைச் சுத்த வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லுவேன்.

ஆறு வருஷம் பட்டணத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். பேட்டரி சார்ஜ் போடுவதும் டைனமோ பிரிப்பதும் என் வேலை. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வயதாகிறது, கரும்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்தேன். ஆனால் திருத்தணி கடைத்தெருவில் ஒரு அறை எடுத்துப் பேட்டரிக் கடை போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. கல்யாணத்துக்கு மைக் செட், மலையடிவாரத்தில் இரவு தங்குகிற காவடிக் கூட்டத்துக்கு விளக்கு, எல்லாவற்றுக்கும் பேட்டரி வாடகைக்குத் தேவைப்பட்டது. நைனாவிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பேசினார். அதுவும் உப்பு, மோர் அளவில்.

தெப்பத்துக்கு மோட்டார் வைக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் அவரே வாயைத் திறந்தார்.

"சாமி மூணு சுத்து சுத்திக் கரைக்கு வந்துச்சின்னா நீ கடை போட்டுக்கோ. நான் குறுக்க நிக்கல. நடுவுல நின்னுச்சின்னா அந்தப் பேட்டரிப் பொட்டிய ஓரமா வச்சிட்டுக் கழனியில எறங்கணும். ஆங்?"

"ஆங்" என்றேன்.

பழைய லாரி டைனமோ ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சுழற்றினால் கரண்ட் தரும். அதற்குக் கரண்ட் கொடுத்தால் அதுவே சுழலும். அதை மோட்டாராக்கி, பெல்ட் போட்டு, பலகைத் துடுப்புகள் வைத்த ஒரு சக்கரத்தைத் தெப்பத்தின் பின்னால் பொருத்தினேன். ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று அறை, மூன்று வாய். மொத்தம் ஆறு வாய்.

வேலை பெரிதல்ல, பராமரிப்புதான் பெரிது. தண்ணீரில் ஓடுகிற மோட்டாரை ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் போதும், செம்பில் பச்சை பூத்துவிடும். ஒத்திகை முடிந்து கரைக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் பிரித்துத் துடைத்தேன், வெயிலில் காயவைத்தேன், கார்பன் உரசும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கினேன். பேட்டரி முனைகளில் வாஸ்லின் தடவினேன். குழந்தை பெற்றவள்கூட இவ்வளவு பார்க்கமாட்டாள் என்று அக்காள் கிண்டல் செய்தாள்.

சார்ஜ் போட்டது நைனாவின் ஆயில் இன்ஜினில். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும்போதே இன்னொரு பெல்ட் மாட்டி இரண்டாவது டைனமோ ஒன்றை ஓட்டினேன். நைனா தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. தினமும் காலையில் வந்து இன்ஜின் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் அந்தப் பக்கம் பேட்டரிக்குக் கண்ணாடி ஜாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் ஊற்றுவோம்.

திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் கடைசி ஒத்திகை. தெப்பம் சாமியில்லாமல் மூன்று சுற்று போனது. நாலாவது சுற்றும் போனது, நான்தான் நிறுத்தினேன். பாவா கரையிலேயே என்னைக் கட்டிக்கொண்டார்.

கிருத்திகையன்று விடிகாலையில் இன்ஜின் கொட்டகையில் ஆசிட்டின் கனம் பார்த்தேன். ஆறு வாயும் ஒரே கனம், முழுச் சார்ஜ். சூடு ஆறட்டும், வாயு வெளியேறட்டும் என்று மூடிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனேன். துடுப்புச் சக்கரத்தில் இரண்டு பலகை தளர்ந்திருந்தது. அதை முடித்து நான் திரும்ப மதியம் தாண்டிவிட்டது. மூடிகள் போட்டிருந்தன. அக்காள் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கனம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எல்லாம் தெரியும் என்கிற கொழுப்பு.

சாயங்காலம் தெப்பத்தில் ஆறு பல்பு எரிந்தது. சாமி, அர்ச்சகர், நான். ஊர் முழுக்கக் கரையில். வடம் இல்லாமல் தெப்பம் தானாக நகர்ந்தபோது எழுந்த கூச்சலில் நாய்கள் ஓடிப்போயின. நைனா படித்துறையில் கைகூப்பி நின்றதைப் பார்த்தேன். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் பல்புகள் மஞ்சளாயின. பாதியில் சிவந்தன. மோட்டார் முனகியது. கார்பனை அழுத்திப் பார்த்ததில் விரல் பொசுங்கியதுதான் மிச்சம். பிறகு நின்றுவிட்டது.

"என்னாடா ஆச்சு?" என்று பாவா கத்தினார். அவர் குரலில் அழுகை இருந்தது.

வடத்தை யாரும் எடுத்து வரவில்லை. ஆட்கள் குளத்தில் குதித்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் மேலத்தெரு ஒரு பக்கமும் கீழத்தெரு மறுபக்கமும் நின்று தள்ளியதில் தெப்பம் இருந்த இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. அர்ச்சகர் சாமியைப் பிடித்துக்கொண்டு திட்டினார், அவர் திட்டி அன்றுதான் கேட்டேன். ஒருவழியாக மூன்று சுற்று என்று கணக்குச் சொல்லிக் கரையேற்றினார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. கடை போச்சு என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இன்ஜின் கொட்டகையில் பேட்டரியைத் திறந்தேன். முதல் மூடியைக் கழற்றியதுமே சந்தன வாசனை வந்தது. உள்ளே திட்டுத்திட்டாக ஏதோ மிதந்தது, வெள்ளை நுரை கட்டியிருந்தது. விபூதி, பால், சந்தனம். அபிஷேகத் தீர்த்தம். எங்கள் வீட்டில் புது வண்டி வந்தாலும் புது மாடு வந்தாலும் மலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்காமல் வேலைக்கு விடுவதில்லை. அந்த ஆயில் இன்ஜினுக்கும் முதல் தண்ணீர் அதுதான். கிருத்திகைதோறும் விடியுமுன் கிளம்பி மலையேறி, மதியத்துக்குள் செம்போடு திரும்புகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பேட்டரியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைக்க வேண்டும் என்று இருந்தது.

அப்போதுதான் அவர் இன்ஜினுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. வழிந்த ஆசிட்டை அந்தத் துண்டால்தான் துடைத்திருக்கிறார்.

"துண்டு என்னா ஆச்சு நைனா?"

"எலி கடிச்சிட்டுது போல. நேத்துதான் தோய்ச்சேன்." தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்த்தபடி சொன்னார்: "தப்பு என் பேர்லதாம்பா."

நான் நிமிர்ந்தேன்.

"நேத்து மலைலருந்து தீர்த்தம் கொண்ணாந்தேன். ஆறு வாயும் தெறந்து கெடந்துச்சி. ஆறுமுகத்துக்கு ஆறு வாயின்னு எனுக்கு மனசு நெறஞ்சி போச்சு. ஊத்தினேன். ஒரு செம்புதான இருந்துச்சி? நாலு வாய்க்கு நெறைய ஊத்திட்டேன். கடைசி ரெண்டுக்குப் பாதிதான் வந்துச்சி. பத்தல. அதான் பாதியில நின்னுடுச்சி."

அவர் கண் கலங்கியிருந்தது. நைனா அழுது நான் பார்த்ததில்லை.

"உன் பொட்டி மேல குத்தம் இல்ல. நீ கடை போட்டுக்கோ" என்றார்.

அந்தத் தீர்த்தம்தான் பேட்டரியைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி. உண்மையைச் சொன்னால் கடை கைநழுவிவிடுமோ என்ற பயம் மீதிப் பாதி. ஊரில் கேட்டவர்களிடம் கார்பன் தேய்ந்துவிட்டது என்றேன். பாவா அடுத்த வருஷத்துக்குப் புது வடம் வாங்கினார்.

சித்திரையில் திருத்தணியில் கடை திறந்தேன். நைனா இரண்டு செம்போடு வந்தார். அவர் மலையிலிருந்து இறங்குவதற்குள் நல்ல பேட்டரிகளையெல்லாம் உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, செத்துப்போன அந்தத் தெப்பத்துப் பேட்டரி இரண்டையும் துடைத்து, பொட்டு வைத்து, ஆறு மூடியையும் கழற்றி வாசல் பெஞ்சில் வைத்திருந்தேன். நிதானமாக ஊற்றினார். அதற்குப் பிறகு அவரால் மலையேற முடிந்தவரை ஒரு கிருத்திகை தவறியதில்லை. இந்த இரண்டு மட்டும் ஏன் வாடகைக்குப் போவதே இல்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அது கடைக்கு உரியது நைனா, வெளியே விடுவதில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் ஊற்றி முடித்ததும் குனிந்து ஆறு வாயையும் எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி அதையேதான் சொல்லுவார்.

"இந்தத் தபா எல்லா வாய்க்கும் பத்துச்சிப்பா."