சுடுதண்ணிக்கு ஒரு கையெழுத்து

"உங்கட கரண்ட் பில்லைக் குறைக்க வந்திருக்கிறன்" எண்டு சிட்னியில ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கோ, கள்ளனுக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிடைக்காது. என்ர வேலை அதுதான். பழைய சுடுதண்ணித் தாங்கியைக் கழட்டிப்போட்டு, வெளிக்காத்தில இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணியைச் சூடாக்கிற ஹீட் பம்ப் பூட்டிறது. ஷவர் தலை மாத்திறது. கதவுக்குக் கீழால குளிர் வாற இடைவெளியை அடைக்கிறது. வாசலில நிண்டு விளக்கம் சொல்லிப் பிழைக்கிற ஆக்கள் எல்லாரும், இன்சூரன்ஸ் விக்கிறவையும் சேர்த்துத்தான், இதை வாசிச்சு ஒருக்காப் பெருமூச்சு விடுங்கோ.

ஆற்ற காசு?

வெஸ்ட்மீட்டில ஒரு வீடு. சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. "செலவில பெரும்பங்கு அரசாங்கத் திட்டத்தில வரும், நீங்கள் கொஞ்சம் போட்டால் காணும்" எண்டன். மனுசன் கையைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டார். "கவர்ன்மெண்ட் எதுக்குங்க எனக்கு சும்மா குடுக்கணும்?"

நான் உள்ளதைச் சொன்னன். சும்மா இல்லை. கரண்ட் விக்கிற கம்பெனியள் கரண்டை மிச்சம் பிடிக்கிற வேலைக்கும் செலவழிக்க வேணும் எண்டு மாநிலத்தில சட்டம் இருக்கு. அந்தச் செலவை அவை தங்கட பொக்கற்றில இருந்து போடேல்ல. எல்லாற்ற பில்லிலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து எடுக்கினம். அவர் போய்த் தன்ர பில்லை எடுத்துக்கொண்டு வந்து, முன்னும் பின்னும் பிரட்டிப் பாத்தார். அப்பிடி ஒரு வரியும் தனியாத் தெரியாது. கடைசியா நிமிர்ந்தார்: "அப்ப என் காசை எங்கிட்டயே குடுக்க வந்திருக்கீங்க. இதுக்கு நான் தேங்க்ஸ் வேற சொல்லணுமா?"

வாளி

தண்ணியைக் குறைச்சு விடுற ஷவர் தலை நல்ல சாமான். தண்ணி குறைஞ்சால் சூடாக்கிற செலவும் குறையும். ஒரு மாமி வீட்டில பூட்டிப்போட்டு, பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி வந்திட்டன். ரண்டு நாளில போன் வந்துது. போய்ப் பாத்தால் ஷவருக்குக் கீழ ஒரு சிவப்பு வாளி, அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கோப்பை. மாமி ஷவருக்குக் கீழ நிண்டு குளிக்கிற ஆளே இல்லை. வாளியை நிரப்பி, அள்ளி வாத்துத்தான் குளிக்கிறா. எந்தத் தலையால வந்தாலும் வாளிக்கு அதே தண்ணிதானே வேணும், ஒரு சதம் மிச்சமில்லை. பழையதைத் திருப்பிப் பூட்டேக்க மாமி சொன்னா: "தம்பி, முந்தி ஒரு தேவாரம் படிக்க வாளி நிரம்பும். உம்மட சாமான் வந்தாப் பிறகு பதிகம் முழுக்கப் படிச்சும் அரைவாளிதான்."

அக்கினி மூலை

பரமலிங்கம் அங்கிளை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில பழக்கம். முன்னுக்கு அவற்ற வீடு, பின்வளவில வாடகைக்கு விட்ட சின்ன வீடு. தன்ர வீட்டுக்கு ஹீட் பம்ப் வேணுமெண்டு அவரே கூப்பிட்டார். ஆனால் நெருப்புச் சம்பந்தப்பட்ட சாமான் தென்கிழக்கில, அக்கினி மூலையிலதான் இருக்க வேணுமாம். குளியலறை இருக்கிறது வடமேற்கில. "குழாய் வீட்டைச் சுத்தி ஓடினால் சூடு வழியிலயே போயிடும் அங்கிள்" எண்டு படம் கீறிக் காட்டினன். நாடியைத் தடவிக்கொண்டு வளவைச் சுத்தி நடந்தார். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடிச்சார்: "உது காத்தில இருந்துதானே சூட்டை எடுக்குது? அப்ப வடமேற்கு வாயு மூலை, பொருத்தம்தான். பூட்டும்."

பின்வீடு

அந்தப் பின்வீட்டில இருக்கிறது தர்சினி. ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை. மூண்டு வயசுப் பெண்பிள்ளையோட தனிய இருக்கிறா. அவவின்ர சுடுதண்ணித் தாங்கி சின்னன், துருப்பிடிச்சது, ஒராள் குளிச்சால் அண்டைக்கு அவ்வளவுதான். பிள்ளையைக் குளிப்பாட்டக் கேத்திலில தண்ணி கொதிக்க வைச்சுக் குளியலறைக்குக் கொண்டு போறா. "ஒருக்கா ஈரத்தில வழுக்கப் பாத்தனான் அண்ணை, பிள்ளை காலடியில நிண்டது" எண்டா. கொதிதண்ணி பட்ட பிள்ளையை நான் ஒருக்காப் பாத்திருக்கிறன், பிறகு கன நாள் நித்திரையில்லை.

அவவுக்குத் தனி மீற்றர், தனி பில். அப்ப திட்டத்துக்கு அவவும்தான் காசு கட்டுறா. ஆனால் தாங்கி வீட்டுச் சொந்தக்காரற்ற சாமான், அவர் கையெழுத்து வைக்காமல் நான் கை வைக்கேலாது. அங்கிளிட்டக் கேட்டன், பிள்ளையின்ர கதையையும் சொன்னன். கோவிலில திருப்புகழ் பாடேக்க கண்ணீர் விடுற மனுசன் இதுக்கு அசையேல்ல. அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுறன்: "பில் கட்டுறது அவ, குறையப் போறதும் அவவுக்கு. மிச்சக் காசை நான் ஏன் தம்பி போடவேணும்? இருக்கிறது ஓடுதுதானே!"

முழுக்கு

ஜூலை மாசம், இஞ்ச நல்ல குளிர். அங்கிள் வீட்டில பூட்டு வேலை. "பின்னேரம் வரைக்கும் சுடுதண்ணி இருக்காது" எண்டு சொல்லிப்போட்டுத்தான் பழைய தாங்கியைக் கழட்டினன். அவர் தலையை ஆட்டிப்போட்டு ஆற்றையோ செத்தவீட்டுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து வாசலில காலை வைக்க, அன்ரி குறுக்க நிண்டா. "இஞ்சருங்கோ, முழுகாமல் உள்ள வராதேங்கோ."

அங்கிள் என்னைப் பாத்தார். நான் கழட்டின குழாயைப் பாத்தன். வேற வழியில்லை, துவாயையும் சாரத்தையும் வாங்கிக்கொண்டு பின்வீட்டுக் கதவைத் தட்டினார். "அங்கிள், நாங்கள் ரண்டுபேரும் இப்பதான் குளிச்சனாங்கள், தண்ணி காணாது" எண்டா தர்சினி. "ரண்டு நிமிசம் பிள்ளை" எண்டு உள்ள போனார்.

கொஞ்ச நேரத்தில "ஐயோ முருகா!" எண்டு ஒரு சத்தம். நான் ஸ்பானரோட ஓடினன். கதவு கொஞ்சம் திறந்து தலை மட்டும் வெளியில வந்துது. தலை நிறைய ஷாம்பு நுரை, பல்லு கிடுகிடுவெண்டு அடிக்குது. எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கேல்ல. தர்சினி சிரிக்கேல்ல. கேத்திலைப் போட்டா, கொதிச்சதும் வாளியில ஊத்திக் கலந்து கதவடியில வைச்சா. பிள்ளை ஓடிவந்து, "அங்கிள், ஹொட்! முதல்ல ஃபிங்கர் வைச்சுப் பாருங்கோ" எண்டு காட்டிக் குடுத்தது. தினமும் அதுக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம் போல.

அங்கிள் பிள்ளை சொன்னபடி விரலை வைச்சுப் பாத்திட்டு, வாளியை உள்ள இழுத்தார். முழுகி, சாரத்தோட வெளியில வந்தார். நேர என்ர சாமான் ஏத்திற வானடிக்கு வந்து, பின்வீட்டுப் பேப்பரை வாங்கி, ஈரக்கையால கையெழுத்து வைச்சார். பேப்பரில மை கொஞ்சம் ஊறிப் போச்சுது.

அடுத்த கிழமை பின்வீட்டுக்கும் பூட்டி முடிச்சன். குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாத்த தர்சினிக்குக் கண் கலங்கிச்சுது, எனக்கும்தான். பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா: "ரண்டு குளிர்காலமா நான் வாயால சொன்னன் அண்ணை, கேக்கேல்ல. பச்சைத்தண்ணி ஒருக்காச் சொன்னது, உடன கேட்டிட்டார்."

வாடகைக்கு விடுற ஒவ்வொருத்தரும் வருசத்தில ஒருக்கா, ஜூலை மாசத்தில, தங்கட பின்வீட்டில முழுக வேணும் எண்டு ஒரு சட்டம் போட்டால், எங்கட பில்லில எடுக்கிற காசில பாதியும் என்ர தொண்டைத் தண்ணியும் மிச்சம்.