தனக்குத் தானே போட்ட புள்ளி

ஆசிரிய ஆலோசகர் என்று என் மேசைப் பலகையில் எழுதியிருக்கிறது. ஆலோசனை கேட்டு எவரும் வருவதில்லை. நான்தான் மோட்டார் சைக்கிளில் பாடசாலை பாடசாலையாகப் போய், கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டு வருவேன். கடந்த சில ஆண்டுகளாக எனக்குத் தரப்பட்டிருக்கும் வேலை, பிள்ளைகள் போனையும் கொம்பியூட்டரையும் வைத்துத் தாங்களே செய்யும் செயற்றிட்டங்களுக்குப் புள்ளி போடுவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது.

கட்டுரைக்குப் புள்ளி போட எங்கள் ஆசிரியர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஐந்து நிமிட வீடியோ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால்தான் தடுமாற்றம். எல்லோருக்கும் ஒரே புள்ளியா? படம் பிடித்தவனுக்கு எவ்வளவு, அவனுக்குக் குடை பிடித்தவனுக்கு எவ்வளவு? இதற்காக நான் ஒரு படிவம் தயாரித்தேன். மொத்தம் இருபது புள்ளி. பதினைந்தை ஆசிரியர், வேலை நடக்கும்போதே பார்த்துப் பார்த்துப் போடவேண்டும். மிச்சம் ஐந்தைப் பிள்ளை தனக்குத் தானே போடும். பிள்ளையை நடுவில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, புள்ளி போடும் நேரம் பிள்ளையை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நானே கேட்டு, நானே மெச்சி, அந்த ஐந்து புள்ளிக்குப் படிவத்தில் ஒரு தனி நிரலைச் சேர்த்தேன்.

மானிப்பாயில் ஒரு பாடசாலை மண்டபத்தில் முப்பது ஆசிரியர்களுக்கு அந்தப் படிவத்தை விளக்கினேன். காலை அமர்வு முடிந்ததும், விளங்கிக்கொண்டது எவ்வளவு என்று அவரவர் தமக்கே ஐந்துக்குப் புள்ளி போட்டுத் தரச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் இரண்டு போட்டிருந்தார்கள். துணிந்த சிலர் மூன்று. எனக்குப் பதறிப்போய்விட்டது. செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறேன் என்று நினைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு தடவை நடத்தினேன். வல்வெட்டித்துறைப் பக்கம் போகவேண்டியவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்காமல், "நல்லாய் இருந்தது சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பஸ்ஸைத் தவறவிட்டவர்களில் ஒருவர், கரையோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர். தன் ஒன்பதாம் வகுப்பில் படிவத்தை முதலில் பாவித்துப் பார்க்க அவர்தான் சம்மதித்தார். ஊர்க் கிணறுகளில் எது எவ்வளவு உவராகிவிட்டது என்று அளந்து, வீடியோவாகச் செய்வது செயற்றிட்டம். தொடங்கும் நாளன்று நானும் போனேன். கொம்பியூட்டர் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளுக்கு ஒரு பேச்சும் வைத்தேன்.

"உங்களுக்கு நீங்கள் புள்ளி போடேக்கை கூச்சப்படக் கூடாது. வடிவாய்ச் செய்திருந்தா அஞ்சு போடுங்கோ. பொய் எழுதக் கூடாது, அவ்வளவுதான்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, மூன்று நாள் கொம்பியூட்டர் பயிற்சிக்குப் பாடசாலைக்கு ஒரு பிள்ளை வீதம் அனுப்பச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. செயற்றிட்டத்தில் ஆகக் கூடிய புள்ளி எடுப்பவரை அனுப்புவோம் என்று அதிபர் சொல்லிவிட்டார். ஒரு குழுவில் இருந்த பிள்ளை ஒருத்தி, பயிற்சி எந்தத் தேதி என்று ரீச்சரிடம் இரண்டு முறை கேட்டாளாம். அவள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. அதே குழுவில் படம் பிடித்த பையனுக்கும் பயிற்சிக்குப் போக ஆசை. அவன் அதை ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான்.

புள்ளி போட்டு முடிந்த மறுநாள் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

"சேர், ரெண்டு தரம் கூட்டிப் பாத்திட்டன். கணக்குச் சரி. ஆனா ஆள் மாறி வருது."

போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு ரீச்சர் போட்டது பதினைந்துக்குப் பதினான்கு. பையனுக்குப் பன்னிரண்டு. அவன் தனக்கு ஐந்து போட்டிருந்தான், மொத்தம் பதினேழு. அவள் தனக்கு ஒன்று போட்டிருந்தாள், மொத்தம் பதினைந்து. மற்றப் படிவங்களையும் புரட்டினேன். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. முழு வகுப்பிலும் ஐந்து போட்டவன் அந்தப் பையன் ஒருவன்தான்.

வீடியோவை ரீச்சர் போட்டுக் காட்டினார். கிணற்றடியில் பிடித்த பேச்சு முழுவதையும் கடற்காற்று விழுங்கிவிட்டதாம். இந்தப் பிள்ளைதான் யன்னல்களைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவரையும் இருத்தி, வரி வரியாகத் திரும்பப் பேசவைத்துச் சேர்த்திருக்கிறாள். வெட்டி ஒட்டியதும் அவளேதான். அவளைக் கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை ஒண்டு போட்டனீங்கள்?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தன்னைத் தானே புகழுற மாதிரியெல்லோ சேர்," என்றாள்.

அவள் போனதும் ரீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றுதான்.

"நிறைகுடம் தளும்பாது எண்டு சின்ன வகுப்பிலையிருந்தே படிப்பிச்சுப்போட்டம். இப்ப நீங்கள் ஒரு நிரலைக் கீறிப்போட்டுத் தளும்பச் சொன்னா, அதுகள் என்னெண்டு சேர் தளும்புறது?" படிவங்களை அடுக்கிக்கொண்டே, "அண்டைக்கு மானிப்பாயிலை நாங்கள் ரெண்டு போட்டதும் விளங்காததாலை இல்லை," என்றார்.

எனக்கு முகம் சுட்டது. முப்பது பேரை மறித்து வைத்து இரண்டாம் தடவை படிப்பித்தவன் அல்லவா நான்.

பயிற்சிக்குப் பொறுப்பானவருக்குப் போன் எடுத்து இன்னோர் இடம் கேட்டேன். பாடசாலைக்கு ஓராள், அதற்கு மேல் கொம்பியூட்டர் இல்லை என்றார். அந்த ஐந்து புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் விடுவோம் என்று ரீச்சரிடம் சொன்னேன். பதினைந்தை மட்டும் பார்த்தால் பிள்ளைக்குத்தான் இடம்.

"புள்ளியை வகுப்பிலை வாசிச்சாச்சு சேர். அவன் தாயிட்டையும் சொல்லியிருப்பான். உதுக்குப் பிறகு சட்டத்தை மாத்திறதோ? அவன் என்ன பிழை விட்டவன்?"

அவன் ஒரு பிழையும் விடவில்லை. படம் நடுங்காமல், வெளிச்சம் பார்த்து, நன்றாகவே பிடித்திருந்தான். நான் சொன்னதை நம்பி, செய்ததைச் செய்ததாக எழுதியிருந்தான். எனக்கு அது தெரியும். ஆனாலும் முழு வேலையையும் சுமந்த பிள்ளையை, அடக்கமாக இருந்த குற்றத்துக்காக வீட்டில் இருத்தவும் மனம் வரவில்லை. மாற்றுவதென்றே முடிவெடுத்தேன். படிவத்தைச் செய்தவன் நான், அவனிடம் சொல்லவேண்டியவனும் நான்தான் என்று ரீச்சருக்குச் சொன்னேன்.

பையன் வந்து நின்றான். மேல் பொத்தானையும் பூட்டியிருந்தான்.

"தம்பி, உங்கடை குழுவிலை கூடுதலாய் வேலை செய்தது ஆர்?"

"அவதான் சேர். நான் படம் பிடிச்சனான், தண்ணி அளந்தனான். மிச்சம் எல்லாம் அவ."

ஒன்றையும் மறைக்கவில்லை. தனக்குத் தானே போட்ட ஐந்தைக் கணக்கில் எடுக்காமல் அவளை அனுப்பப்போகிறோம் என்று சொன்னேன். "ஓம் சேர்," என்றான். வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போடக் குனிந்தவன், போடாமல் திரும்பி வந்தான்.

"சேர், நான் அஞ்சு போட்டது பிழையோ?"

"இல்லையடா. நீ செய்தது சரி."

"அப்ப ஏன் சேர் அதைக் கழிச்சனீங்கள்?"

படிவத்தில்தான் பிழை, உன்னில் இல்லை என்று சொன்னேன். வேறு என்னவெல்லாமோ சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போய் வந்தாள். இப்போது அந்த அறையில் ஏதாவது கொம்பியூட்டர் வேலை செய்யாமல் நின்றால் ரீச்சரே அவளைத்தான் கூப்பிடுகிறார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். படிவத்தையும் மாற்றினேன். செயற்றிட்டத்தில் தான் செய்ததைப் பிள்ளை மூன்று வரியில் எழுதவேண்டும். தனக்குப் போடும் புள்ளியையும் விட்டு வைத்தேன், ஆனால் அதைக் கூட்டுவதில்லை. ஆசிரியர்களுக்கு அது பிடித்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எவரையும் தமக்குப் புள்ளி போடச் சொல்லி நான் கேட்பதில்லை.

அடுத்த தவணை அந்த வகுப்பு வேறொரு செயற்றிட்டம் செய்தது. ரீச்சர் படிவங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பையனுடையதைத் தேடிப் பார்த்தேன். மூன்று வரியில் ஒரு வரிதான் எழுதியிருந்தான்: 'குழுவுக்கு உதவி செய்தேன்.' பக்கத்தில் தனக்கு ஒன்று போட்டிருந்தான்.

உடனே ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன ரீச்சர், இவன் இந்தமுறை ஒண்டும் செய்யேல்லையோ?"

"படம் பிடிச்சது, வெட்டினது, குரல் சேத்தது, எல்லாம் அவன்தான் சேர்," என்றார் ரீச்சர். "இப்ப அவனுக்கும் விளங்கீட்டுது."