மைனஸ் நாற்பத்தொன்று

போன வாரம் சேலையூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போனது. மேசைக்கு அடியிலிருந்து யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கடைக்காரப் பெண் அசரவில்லை, பில் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்துவிட்டது. "இன்னா சார், சுகர் கம்மியாயிடுச்சா?" என்று கேட்டார். இல்லையம்மா, இது வேறு வியாதி. பிடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்பது சும்மா மரியாதைக்கு. மூன்று கம்ப்யூட்டர், நான், ஸ்டீபன், எப்போதாவது எட்டிப் பார்க்கும் முதலாளி. நாலு மணிக்கு பன் வேகும் வாசனை படியேறி வரும். அதற்குப் பிறகு எழுதிய கோடில்தான் தப்பு அதிகம் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஸ்டீபனின் அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அந்த வளர்ப்போ என்னவோ, இவன் தன் கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டான். "ஓடிக்கினு கீறத ஏன் மச்சான் நிறுத்தணும்" என்பான். இந்தச் சோம்பேறித்தனத்தை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

எங்கள் முதல் வாடிக்கையாளர் பெருங்களத்தூரில் ஒரு பள்ளி. தலைமையாசிரியை குளோரி மிஸ். போன பரீட்சையில் கேள்வித்தாள் வெளியே போய்விட்டது. இன்னொரு தடவை பரீட்சையில் ஏதாவது கோளாறு வந்தால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மிஸ் நேராக எங்களிடம் வந்தார். கேள்வித்தாள்களைப் பூட்டி வைக்கும் புரோகிராம் ஒன்றை நானும் ஸ்டீபனும் எழுதினோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், மிஸ் கேள்வித்தாள்கள் இருந்த ஃபிளாப்பியோடு ஆபீசுக்கே வந்து, எங்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டீபனின் கம்ப்யூட்டரில் தன் கையால் பாஸ்வேர்டு தட்டினார். பூட்டிய கோப்பை சிடியில் வாங்கிக்கொண்டார். பிறகு ஃபிளாப்பியை எங்கள் கண்முன்னே இரண்டாக உடைத்தார். கையெழுத்துப் பிரதிகளை முன்பே எரித்துவிட்டாராம். நாங்கள் கைதட்டாத குறை.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து அச்சடிக்கப் போனேன். அடுத்த நாள் காலை பரீட்சை. மிஸ் பாஸ்வேர்டு தட்டினார். திறக்கவில்லை. இன்னொரு முறை நிதானமாகத் தட்டினார். ம்ஹூம்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பாஸ்வேர்டு மட்டும் பூட்டாகாது. புரோகிராம் தானாக எட்டு எண்களை இஷ்டத்துக்கு உருவாக்கி அதோடு கலக்கும். எங்கள் தொழிலில் அதற்கு உப்பு என்று பெயர். பூட்டும்போது போட்ட அதே உப்பு திறக்கும்போதும் வேண்டும். அந்த எட்டு எண்களை, புரோகிராம் ஓடும்வரை மட்டும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும் ஒரு ஆப்ஜெக்டுக்குள் அழகாக, முறையாக வைத்திருந்தோம். கோப்பில் எழுதி வைக்கத்தான் மறந்துவிட்டோம். நாங்கள் சோதித்தபோதெல்லாம் பூட்டிய சூட்டோடு திறந்து பார்த்தோம், ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தது, எல்லாம் ஜோராக வேலை செய்தது. என்ன மேதைகள் பாருங்கள்!

ஆனால் ஸ்டீபன்தான் கம்ப்யூட்டரை அணைக்காதவன் ஆயிற்றே! போன் போட்டேன்.

"நேத்து ஓட்டின புரோகிராம் ஓடுதாடா?"

"ஓடுது. ஆனா இங்க கரண்ட் பூட்ச்சி மச்சான். யுபிஎஸ் கத்துது. பத்து நிமிஷம் தாங்கும்."

ஜிஎஸ்டி ரோட்டில் ஊருக்குப் போகும் பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றிருந்தன. பத்து நிமிஷத்தில் தாம்பரமாவது போவதாவது. பாஸ்வேர்டை ஸ்டீபனிடம் சொன்னால் அவனே திறந்து ஒரு ஃபிளாப்பியில் எடுத்துவிடுவான் என்று மிஸ்ஸிடம் கெஞ்சினேன்.

"போன்ல பாஸ்வேர்டா? வேலை போனாலும் சொல்ல மாட்டேன் தம்பி."

அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டுதான் ரகசியம், உப்பு ரகசியமே இல்லை. அதைத் தெருவில் நின்றுகூடக் கத்தலாம். "டீபக்கர்ல அந்த ஆப்ஜெக்டைத் திறடா, உள்ள எட்டு நம்பர் இருக்கும், படி" என்று கத்தினேன். ஓடுகிற புரோகிராமின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி அது. பின்னணியில் யுபிஎஸ் அலற, ஸ்டீபன் படித்தான். நூற்றுப் பன்னிரண்டு. மைனஸ் ஏழு. அறுபத்து மூன்று. மிஸ் தன் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தார். ஏழாவது எண் வந்தது. எட்டாவதற்கு அவன் வாயைத் திறந்தான், லைன் செத்தது. எங்கள் ஆபீஸ் கார்ட்லெஸ் போனும் அதே யுபிஎஸ்ஸில்தான் சொருகியிருந்தது.

மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, ராஜினாமா எழுதிடறேன்" என்றார். குரல் நடுங்கவில்லை.

ஆனால் நண்பரே, அந்த எண் எதுவாகத்தான் இருக்க முடியும்? உப்பின் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு பைட், அதில் அடங்குவது மைனஸ் நூற்றிருபத்தெட்டிலிருந்து நூற்றிருபத்தேழு வரை, மொத்தமே இருநூற்றைம்பத்தாறு! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஆறு வரி எழுதினேன். மிஸ் பாஸ்வேர்டு தட்டினார், நான் சுவரைப் பார்த்தேன். மைனஸ் தொண்ணூறில் ஒன்று திறந்தது. ஓடி வந்து பார்த்தால் உள்ளே வெறும் குப்பை. தற்செயல். மைனஸ் நாற்பத்தொன்றில் இன்னொன்று திறந்தது. "பத்தாம் வகுப்பு, கணிதம், நேரம் இரண்டரை மணி" என்று திரையில் வரிவரியாக வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். வெட்கமே இல்லை, இப்போது எழுதும்போதும் குதிக்கத் தோன்றுகிறது.

அப்போது பள்ளி போன் அடித்தது. எஸ்டிடி பூத்துக்கு ஓடியிருந்த ஸ்டீபன், மூச்சிரைக்க, "மைனஸ் நாப்பத்தொண்ணு மச்சான்" என்றான். மிஸ்தான் போனை எடுத்தார். "தெரியும் தம்பி, போய்த் தண்ணி குடி" என்றார்.

பரீட்சை நடந்தது. மிஸ் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார்.

இன்று உப்பையெல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும் கோட் லைப்ரரியே கோப்பின் தலையில் எழுதிவிடுகிறது, யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பேக்கரி போய்விட்டது, பூத்தும் போய்விட்டது. ஸ்டீபன் கனடாவில் இருக்கிறான், பனியைப் படம் எடுத்து அனுப்புகிறான். குளோரி மிஸ் இரண்டு வருஷம் முன்பு இறந்துபோனார்.

பூட்டிய அந்தக் கோப்பு மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எட்டு எண்களும் மனப்பாடம். இந்தக் காலத்து மெஷினுக்கு அந்தப் பழைய பூட்டு ஒரு பொருட்டே இல்லை, பாஸ்வேர்டே இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். வேலை போனாலும் மிஸ் சொல்லாத பாஸ்வேர்டு அது. இப்போது யாருக்குமே தெரியாது.