காற்றில் கொழுந்து பறித்த விரல்கள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டொக்டர். கூடப் படித்த தோழி உடப்புசல்லாவையில் டொக்டர். இரண்டு பேருக்கும் செடிப் பைத்தியம். போனில் படம் அனுப்பினால் இலையின் வாசம் வருமா? அதனால் இலையைக் காயவைத்து, கடிதத்தோடு தபாலில்தான் போடுவோம்.

அந்தக் காலத்து வெள்ளைக்கார வைத்தியர்களும் இப்படித்தான் கப்பலில் கடிதமும் இலையும் அனுப்பிக்கொண்டார்கள். தோழி அந்தக் கடிதங்களைத் தேடிப் படித்து, தமிழில் பெயர்த்து எழுதி எனக்கு அனுப்புவாள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வரும். பூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நோயாளி பிழைத்தாரா, செத்தாரா என்று ஒரு வரி கிடையாது. அட போங்கய்யா, நீங்களும் உங்கள் பூவும் என்று தாளை மூடிவைப்பேன்.

போன மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முகம் சிவந்து, உடம்பு கொதித்தது. நினைவில்லை. விரல்கள் மட்டும் காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தன.

“காய்ச்சல்லயும் கொழுந்துதான் எடுக்குறா, பாவம். தூக்கத்துலயும் இப்பிடித்தாங்க,” என்றார் கணவர். வார்டில் இருந்த பெண்களும் கொழுந்து பறித்தவர்கள்தான். ஒருவருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை.

இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி அகலமாய் விரிந்திருந்தது. எனக்குத் திக்கென்றது. ஊமத்தை உள்ளே போனவர்கள் காற்றைக் கிள்ளுவார்கள் என்று அந்தக் கடிதங்களில் ஒன்றில் படித்திருந்தேன்.

“என்ன குடுத்தீங்க?” கத்தியே விட்டேன்.

“மூச்சு வாங்குச்சுங்க. தண்ணி ஓடுற கானோரம் வெள்ளப் பூவு தொங்குமே, அந்த எலப் பொகைய இழுத்தா கேக்கும்னாங்க. மழையில எல எரியல. அதான் சாயத்தண்ணியில போட்டுக் காச்சி…”

தொங்கும் அந்த வெள்ளைப் பூவும் ஊமத்தை இனம்தான். எங்கள் தோட்டங்களில் எந்த மருந்தும் சாயத்தண்ணியில்தான் இறங்கும். பால் சேர்க்காத அந்தத் தேநீரில் விஷமும் இறங்கிவிட்டது. ஆசையாய்க் காய்ச்சிக் கொடுத்த மனிதரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வயிற்றைக் கழுவினோம், சேலைன் ஏற்றினோம். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் அவை சட்டென்று ஓய்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் நாடி பிடித்தேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கண் விழித்து, “தொண்ட காயுது. சாயத்தண்ணி குடுங்க,” என்றார்.

கணவர் கோப்பையை வாங்கினார். முதலில் தானே ஒரு மடக்குக் குடித்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் மனைவியின் வாயில் வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றே தோழிக்கு எழுத உட்கார்ந்தேன். இலை வைக்கவில்லை. பூவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ‘பிழைத்துவிட்டார்’ என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டேன்.